உப்பு மலையும் ஊர்க் கல்லறையும்

ஐரோப்பியத் திருத்தலங்களுக்குச் செல்ல விரும்பிய இறைமக்கள் சிலருடன் அமர்ந்து நாம் பயணத் திட்டம் வகுத்தபோது, ஒரு நாள் மிச்சமாக நின்றது. பவேரியாவில் ஆல்ட்டோட்டிங் அன்னையின் திருத்தலத்தில் திருப்பலி கண்டபின், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் இரவு தங்குவதாக ஏற்பாடு. மறுநாளை எங்கே செலவிடுவது? இளையோர் ஒருமித்து ஹால்ஸ்டாட் என்றனர். பின்னால் செங்குத்தான மலை, முன்னால் தெளிந்த ஏரி, இடையே மர வீடுகளும் ஒரு கூர்ங்கோபுரமும் கொண்ட அவ்வூரின் படத்தை அவர்கள் பலமுறை கண்டிருந்தனர். திருப்பயணத்தில் ஒரு நாளைப் படம் எடுப்பதற்கென்று கொடுக்கலாமா என்று நாம் தயங்கினோம். போகலாமா கூடாதா என்று முடிவு செய்யுமுன் அவ்வூரின் வரலாற்றைப் படித்தோம். தயக்கம் நீங்கியது, ஆனால் அதற்குப் பதிலாக ஒரு கேள்வி நம் உள்ளத்தில் குடியேறியது.

ஹால்ஸ்டாட் 800 பேர்கூட வாழாத சிற்றூர். டாக்ஸ்டைன் மலைத்தொடரின் அடியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1890-ஆம் ஆண்டில் ஏரிக்கரைப் பாறையை உடைத்துச் சாலை அமைக்கும்வரை, படகிலோ ஒற்றையடிப் பாதையிலோதான் அங்குச் செல்ல முடியும். இத்தகைய இடத்தில் மனிதர் ஏன் குடியேறினர்? உப்புக்காகவே குடியேறினர்.

உப்பு என்றதும் நமக்குக் கடலும் உப்பளமும் நினைவுக்கு வரும். ஹால்ஸ்டாட்டிலோ உப்பு மலைக்குள் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பு பாறையாய் இறுகிப் புதைந்துள்ளது. அங்குக் கிடைத்த மான்கொம்புக் கருவி ஒன்று, ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அந்த உப்பைத் தேடியதைக் காட்டுகிறது. உப்பு எதையும் கெடாமல் காக்கும். எனவே அம்மலையின் பழைய சுரங்கங்களில் மரக்காம்புகள், தோல் பைகள், துணிகள், உணவின் மிச்சங்கள் ஆகியவை அழியாமல் கிடைத்திருக்கின்றன. 2003-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மரப்படிக்கட்டு ஒன்றின் மரங்கள் கி.மு. 1344, 1343 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். சிறுவர்களின் எலும்புகளில் சுமை தூக்கிய தேய்மானம் காணப்படுகிறது. உப்பு தந்த செல்வத்திற்குக் குழந்தைகளும் தங்கள் உடலால் விலை கொடுத்தார்கள்.

அச்செல்வம் எத்தகையது என்பதை உலகம் அறிந்தது 1846-ஆம் ஆண்டில். சுரங்க அதிகாரி யோகான் கேயோர்க் ராம்சாவர் மலைமேல் இருந்த பழங்கால இடுகாடு ஒன்றைக் கண்டுபிடித்தார். 1863 வரை பொறுமையாய் அகழ்ந்து 980 கல்லறைகளைத் திறந்தார். கிடைத்தவை ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டன, வண்ண ஓவியங்களாகவும் வரையப்பட்டன. வாள்கள், வெண்கலக் கலங்கள், பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த அம்பர் மணிகள் அவற்றில் இருந்தன. கி.மு. 800 முதல் 450 வரையிலான மத்திய ஐரோப்பிய இரும்புக்காலப் பண்பாட்டிற்கு அறிஞர்கள் இச்சிற்றூரின் பெயரையே சூட்டினர்.

அந்த இடுகாட்டிற்கு முன்பே மலை தன் இறந்தோருள் ஒருவரை வெளியே தந்திருந்தது. 1734-ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் உப்புப் பாறைக்குள் ஒரு மனித உடலைக் கண்டனர். முற்காலத்துத் தொழிலாளர் ஒருவர் சரிவில் சிக்கி இறந்து, பாறையோடு பாறையாய் ஒட்டியிருந்தார். அவர் கிறிஸ்தவரா, எந்தக் காலத்தவர் என்று சொல்ல எவரும் இல்லை. ஊர்க் கல்லறையின் ஒதுக்குப்புறத்தில் அவரை அடக்கம் செய்தனர். திருமுழுக்குப் பெறாதவர் என்று கருதப்பட்ட ஒருவருக்கு அக்காலத்தில் கிடைத்த இடம் அதுதான்.

அதே 1734-ஆம் ஆண்டு அந்த உப்பு நாட்டில் இன்னொன்றும் நிகழ்ந்தது. சுரங்கத் தொழிலாளருள் பலர் நெடுங்காலமாக லூத்தரின் போதனையை மறைவாகக் கைக்கொண்டு வந்தனர். அண்டை நாடான சால்ஸ்பர்க்கின் பேராயர் 1731-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆணையால் ஏறத்தாழ 20,000 பேர் நாடிழந்தனர். பேரரசர் ஆறாம் சார்லஸ் வேறொரு வழியைக் கையாண்டார். உழைக்கும் மக்களைப் பேரரசுக்கு வெளியே அனுப்ப அவர் விரும்பவில்லை. ஆகவே 1734 முதல் 1737 வரை, லூத்தரன் வழிபாட்டிற்குச் சட்டப்படி இடமிருந்த தொலைதூர டிரான்சில்வேனியாவிற்கு நூற்றுக்கணக்கானோரைத் தானூப் ஆற்றின் வழியே படகுகளில் அனுப்பினார். இது நம் திருஅவையின் பெயரால் நடந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. ஒரே ஆண்டில், இறந்தவர் ஒருவர் கல்லறையின் ஓரத்திற்கும், உயிரோடிருந்தோர் நாட்டின் ஓரத்திற்கும் தள்ளப்பட்டனர்.

1781-ஆம் ஆண்டு பேரரசர் இரண்டாம் யோசேப்பு சமயச் சகிப்பு ஆணையை வெளியிட்டார். சீர்திருத்த சபையார் அதன்படி வழிபடலாம். ஆனால் அவர்களது செபக்கூடத்திற்குக் கோபுரமோ மணியோ தெருப்பக்க வாயிலோ இருத்தலாகாது. முழுச் சமவுரிமை 1861-இல்தான் கிடைத்தது. ஹால்ஸ்டாட்டின் படங்களில் உலகமே காணும் அந்தக் கூர்ங்கோபுரம், 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த சீர்திருத்த சபை ஆலயத்தின் கோபுரமாகும். கோபுரம் கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் கோபுரமே இன்று அவ்வூரின் அடையாளம்! கத்தோலிக்கப் பங்கு ஆலயம் அதற்கு மேலே, பாறைமேட்டில் உள்ளது.

அந்தப் பங்கு ஆலயத்தைக் காணாமல் திரும்பலாகாது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்டு ஆஸ்டுல் செதுக்கிய பீடத்தில் அன்னை மரியாவின் ஒரு பக்கம் புனித பார்பரா, மறுபக்கம் புனித கத்தரீன். பார்பரா சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலி. கிறிஸ்துவின் திருஉடல், திருஇரத்தப் பெருவிழாவில் நற்கருணைப் பவனி ஏரியின்மேல் படகுகளில் செல்லும். நிலம் குறைந்த ஊரில் நீரே திருப்பவனி வீதி.

நிலக்குறைவு இறந்தோருக்கும் ஒரு வழக்கத்தை உருவாக்கியது. கல்லறை நிலம் மிகச் சிறிது. ஆதலின் சில ஆண்டுகளுக்குப் பின் குழிகளைத் திறந்து, எலும்புகளை எடுத்து, அடுத்தவருக்கு இடம் தந்தனர். எடுத்த மண்டையோட்டைக் கழுவி வெயிலில் வெளுக்கவைத்து, பெயரையும் இறந்த ஆண்டையும் எழுதி, சிலுவையோ மலர் வளையமோ தீட்டி, புனித மிக்கேல் சிற்றாலயத்தின் எலும்பறையில் உறவினரின் அருகே வைத்தனர். அங்கு ஏறத்தாழ 1200 மண்டையோடுகள் உள்ளன. அவற்றுள் 610 வண்ணம் தீட்டப்பெற்றவை. 1963-இல் திருஅவை உடலை எரிப்பதற்கான தடையைத் தளர்த்தியபின் இவ்வழக்கம் அருகியது. 1983-இல் இறந்த ஒரு பெண்மணியின் மண்டையோடு, அவர் விருப்பப்படி 1995-இல் அங்கு வைக்கப்பட்டது. அதுவே இறுதியாக வைக்கப்பட்டது.

இதைக் கேட்டு நம் குழுவில் ஒரு தாயார் முகம் சுளித்தார். ஆனால் நம் விசுவாசம் உடலின் உயிர்ப்பை அறிக்கையிடும் விசுவாசம். இறைவாக்கினர் எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளின் காட்சியை நாம் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள். எலும்பின்மேல் ஒரு தாய் தன் மகனின் பெயரை எழுதிப் பூ வரையச் செய்கிறாள் என்றால், அது மரணத்தோடு விளையாடுவதன்று. கடவுள் இப்பெயரை மறக்கமாட்டார் என்னும் நம்பிக்கையின் சாட்சியம்.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. இத்துணை அன்போடு பெயர் எழுதி வைத்த அதே ஊர், உப்பில் கிடந்த அந்தத் தொழிலாளருக்கு ஏன் ஓரத்தில் இடம் தந்தது? தன்னோடு உழைத்த அண்டை வீட்டாரை ஏன் படகேற்றி அனுப்பக் கண்டது? அம்மக்கள் கொடியவர்கள் அல்லர். தம்மவர் யார் என்ற அவர்களது எல்லை குறுகியிருந்தது. குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் இறைவனை நேர்மையோடு தேடியோர் மீட்பு அடையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் போதித்தது. 1965-இல் சமய விடுதலையை மனித மாண்பின் உரிமையாக அறிவித்தது. தற்கொலை செய்தோருக்குத் திருச்சடங்கோடு அடக்கம் மறுத்த பழைய சட்டம் 1983-ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத்தொகுப்பில் இல்லை. எல்லை விரிந்தது, ஆனால் 1734-இல் தள்ளப்பட்டவர்களுக்கு அது காலம் கடந்து வந்த நீதி.

இன்று அச்சிற்றூருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேர் வருகின்றனர். 1997-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2012-இல் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் அதைப் போலவே ஓர் ஊரைக் கட்டினர். கூட்டம் தாங்காமல் 2023-இல் ஊரார் மறியல் செய்தனர். ஆகவே நாம் இவ்வாறு தீர்மானித்தோம்: பேருந்தில் சென்று கூட்டத்தோடு இறங்குவதைவிட, தொடர்வண்டியில் எதிர்க்கரை நிலையம் சேர்ந்து, படகில் ஏரியைக் கடப்போம். காலையிலேயே சென்று, முதலில் ஆலயத்தில் செபிப்போம். எலும்பறையில் குரலெழுப்பாமல் நிற்போம். கீழே இறங்கிச் சீர்திருத்த சபை ஆலயத்திலும் சற்று அமர்ந்து, அனுப்பப்பட்டவர்களுக்காக மன்றாடுவோம். வீட்டு வாசல்களைப் படம் எடுக்கமாட்டோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. ஹால்ஸ்டாட்டிற்கு உப்பிட்டவர்களுள் பெயர் எழுதப்பட்டவர்களும் உண்டு. பெயரே இல்லாதவர்களும் உண்டு. திரும்பி வந்தபின், கல்லறைத் திருநாளன்று நம் சொந்தக் கல்லறைத் தோட்டத்தில் நாம் நடக்கும்போது இது நினைவுக்கு வரவேண்டும். சாதியின் பெயரால் எழுப்பிய சுவர்கள் நம் கல்லறைகளிலும் இருந்திருக்கின்றன. பெயர்ப்பலகை இல்லாத மூலைகள் இன்றும் இருக்கின்றன. மெழுகுதிரி ஏற்றும்போது ஒன்றை அந்த மூலைக்கும் எடுத்துச் செல்வோம்.