கொடையிலிருந்து உரிமைக்கு: இந்தியாவில் ஓய்வூதியப் பறிப்பின் சட்ட வரலாறு

குற்றத்திற்காகத் தண்டிக்கப்பெற்ற அலுவலரின் ஓய்வூதியத்தை அரசு பறிக்கலாமா என்னும் வினா, ஓய்வூதியம் யாருடைய உடைமை என்னும் வினாவோடு பிணைந்தது.

காலனிய ஆட்சியில் அது ஆட்சியாளரின் அருட்கொடையாகக் கருதப்பட்டது. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், ஓய்வூதிய வழக்குகளை உரிமையியல் நீதிமன்றங்கள் விசாரிப்பதைப் பொதுவாகத் தடுத்தது. கொடுத்தவரே திரும்பப் பெறலாம் என்னும் இக்கருத்தின் சாயல் விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி ஓய்வூதிய விதிகளில் 8ஆம் விதி, எதிர்கால நன்னடத்தையை ஓய்வூதியத்தின் உள்ளார்ந்த நிபந்தனையாக்கியது. கடுங்குற்றத்திற்குத் தண்டனை பெற்றவரின் ஓய்வூதியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தவும் அது வழிவகுத்தது.

ஆயினும், 1971இலேயே தேவகிநந்தன் பிரசாத் எதிர் பீகார் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கொடையன்று, சொத்து என வரையறுத்திருந்தது. 1982இல் நகரா வழக்கின் தீர்ப்பு அதனைக் கடந்தகாலப் பணிக்கான ஊதியமாகவும் கண்டது. 1978இல் சொத்துரிமை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டபோதும், அரசமைப்பின் 300அ உறுப்பு அதற்குச் சட்டக் காவலாக நின்றது. அதன் அடிப்படையில், சட்டவலுவுள்ள விதியின்றி வெறும் நிர்வாக ஆணையால் ஓய்வூதியத்தை நிறுத்த இயலாதென 2013இல் ஜார்க்கண்ட் அரசு எதிர் ஜிதேந்திர குமார் ஸ்ரீவஸ்தவா வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது.

நன்னடத்தை நிபந்தனை 2021ஆம் ஆண்டின் புதிய விதிகளிலும் தொடர்கிறது. பறிக்கும் அதிகாரம் ஒழியவில்லை; ஆனால், அதனைச் செலுத்தும் அரசு இன்று விதியையும் காரணத்தையும் காட்டக் கடமைப்பட்டுள்ளது.