மனச்சோர்வும் ‘மூளைக் குறைவும்’: ஒரு கருத்தின் வரலாறு

“மூளையில ஒரு கெமிக்கல் குறஞ்சிட்டுதாம்.” மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவரைப் பற்றி நம் ஊர்களில் இன்று இப்படிப் பேசிக்கொள்கிறார்கள். “ஈமான் பத்தாது” என்று பழி சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, நோயிலிருந்து அல்ல, மருந்திலிருந்தே அது பிறந்தது என்பதைக் கண்டேன்.

1952இல் நியூயோர்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளருக்கு இப்ரோனியாசிட் கொடுத்தபோது, பலர் வழமைக்கு மாறாக உற்சாகமடைந்தனர். அதே தசாப்தத்தில், இரத்த அழுத்தத்துக்கு ரெசர்பின் எடுத்த சிலர் சோர்ந்துபோனதாக வைத்தியர்கள் எழுதினர். செரட்டோனின், நோரட்ரினலின் போன்ற மூளை இரசாயனங்களை முதல் மருந்து கூட்டும், மற்றது குறைக்கும். அப்படியென்றால் அவற்றின் குறைவே மனச்சோர்வு என்ற ஊகம் எழுந்தது. 1965இல் நோரட்ரினலினை வைத்து அதை விரித்தெழுதிய ஜோசப் ஷில்ட்க்ராட், இது மிகையாக எளிமைப்படுத்திய விளக்கமாகவே இருக்கும் என்று தாமே எச்சரித்தார். 1967இல் அலெக் கொப்பன் செரட்டோனினை முன்வைத்தார். 1987இன் இறுதியில் அமெரிக்காவில் புரொசாக் அனுமதி பெற்றது. பின்வந்த விளம்பரங்களில் ஊகம் உண்மையாகிவிட்டது, எச்சரிக்கை மறைந்துவிட்டது.

பெனடோல் போட்டால் தலையிடி போகும். அதற்காக, பெனடோல் குறைந்ததால் தலையிடி வந்தது என்று யாரும் சொல்வதில்லையே! 2022இல் ஜோஅன்னா மொன்கிரீஃப் குழுவினர் பல தசாப்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றனர். அதை மறுக்கும் உளமருத்துவர்களும் உண்டு. மருந்து பயன் தருமா என்பதோ வேறு கேள்வி.

கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றிய தம் நூலில் கவலையை இரண்டாகப் பிரித்தார். இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழுவது மற்றது. இரத்தம் கெடுவதால் அது வருகிறது என்ற அவர் விளக்கம் இன்று செல்லாது. ஆனால், எல்லாக் கவலைக்கும் ஒரே காரணம் என்று அவர் சொல்லவில்லை.

எடுக்கும் மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. டொக்டரிடம் கேட்டே எதையும் மாற்ற வேண்டும். அதேவேளை, “குளிசையப் போடு, சரியாகிடும்” என்று வீட்டார் ஒதுங்கிவிட்டால், அவரை வாட்டும் கடனும் தனிமையும் அப்படியேதான் இருக்கும்.