சஸ்டெயின் பெடல்: கையிலிருந்து காலுக்கு வந்த கருவியின் வரலாறு

சஸ்டெயின் பெடல் என்பது கட்டையிலிருந்து விரலை எடுத்த பின்னும் ஒலியைத் தொடரச் செய்யும், காலால் இயக்கப்படும் அமைப்பாகும். டாம்பர் பெடல் என்றும் இது அழைக்கப்படுகிறது. பியானோவில் இது மூன்று பெடல்களில் வலப்புறம் இருப்பது. மின்னணுக் கீபோர்டில் இது தனியாக வாங்கிப் பின்புறத் துளையில் செருகும் ஒரு சிறு கருவி. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. ஆனால் முன்னது ஓர் இயந்திர அமைப்பு, பின்னது பெரும்பாலும் ஒரு மின் சுவிட்ச். இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதை அறிந்தால், எதை வாங்குவது, எப்படி மிதிப்பது என்ற கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

டாம்பர்

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தட்டும். அதே நேரத்தில் கம்பியின் மேல் படிந்திருக்கும் கம்பளித் துண்டு ஒன்று மேலெழும். இதுவே டாம்பர். விரலை எடுத்ததும் டாம்பர் மீண்டும் கம்பியில் அமர்ந்து அதிர்வை நிறுத்தும். வலப்புறப் பெடலை மிதித்தால் எல்லா டாம்பர்களும் ஒருசேர உயரும். அப்போது தட்டிய கம்பி மட்டுமன்றி, அதனோடு இயைந்த மற்றக் கம்பிகளும் மெல்ல அதிரத் தொடங்கும். எனவே பெடல் ஒலியை நீட்டுவதோடு அதன் நிறத்தையும் மாற்றுகிறது.

கையும் முழங்காலும்

இத்தாலியின் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி 1700ஆம் ஆண்டையொட்டி ஃப்ளோரன்ஸ் நகரில் உருவாக்கிய பியானோவில் டாம்பர்கள் இருந்தன. அவற்றை ஒருசேர உயர்த்தும் வழி இல்லை. அந்த வழியைச் சேர்த்தவர் ஜெர்மனியின் காட்ஃப்ரீட் சில்பர்மன். அவர் ஆர்கன் செய்பவர். ஆர்கனில் ஒலியின் நிறத்தை மாற்றக் கையால் இழுக்கும் குமிழ்கள் உண்டு. அதே போன்ற கைப்பிடியை அவர் பியானோவிலும் வைத்தார். 1760களில் இலண்டனில் யோகன்னஸ் சும்பே செய்த சதுரப் பியானோக்களிலும் டாம்பர்களை உயர்த்தக் கைநெம்புகோல்களே இருந்தன.

இதில் ஒரு குறை வெளிப்படையானது. நெம்புகோலைத் தொட வாசிக்கும் கையை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு பகுதி முழுவதற்கும் அதைத் திறந்து வைக்கலாம் அல்லது மூடி வைக்கலாம். சுரத்துக்குச் சுரம் மாற்ற இயலாது.

அடுத்து வந்தது முழங்கால் நெம்புகோல். கட்டைகளுக்குக் கீழே இருக்கும் பலகையை முழங்காலால் மேலே தள்ளினால் டாம்பர்கள் உயரும். 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்க் நகரில் யோகான் ஆன்ட்ரியாஸ் ஸ்டைன் செய்த பியானோக்களை வாசித்துப் பார்த்த மோட்சார்ட், தந்தைக்கு எழுதிய கடிதத்தில் இந்த அமைப்பைப் பாராட்டியுள்ளார். முழங்காலைச் சிறிது விலக்கினால் எதிரொலி எதுவும் மிஞ்சுவதில்லை என்பதே அவரைக் கவர்ந்தது. ஒலியை நீட்டுவதைப் போலவே, அதை உடனே நிறுத்துவதும் முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

1783இல் இலண்டனின் ஜான் பிராட்வுட் பெற்ற காப்புரிமையில் காலால் மிதிக்கும் பெடல்கள் இடம்பெற்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழங்கால் நெம்புகோல் மெல்ல மறைந்து, பெடலே நிலைத்தது.

பீத்தோவனின் குறிப்பு

1802இல் வெளியான பீத்தோவனின் "மூன்லைட்" சொனாட்டாவின் முதல் பகுதியை டாம்பர்கள் இன்றி வாசிக்க வேண்டும் என்று அவர் குறித்துள்ளார். அன்றைய பியானோவில் ஒலி விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் இது பொருத்தமாக இருந்தது. இன்றைய பியானோவின் கம்பிகள் கனமானவை, ஒலி நெடுநேரம் நிற்கும். அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றிப் பெடலை மிதித்தபடியே இருந்தால், ஒரு கோர்டின் மேல் அடுத்த கோர்டு ஏறிக் குழம்பும். எனவே இன்றைய கலைஞர்கள் பலர் கோர்டு மாறும்போது பெடலையும் மாற்றுகின்றனர், அல்லது பாதி அளவே மிதிக்கின்றனர். டாம்பர் கம்பியை இலேசாகத் தொடும் இந்த நிலை அரைப்பெடல் எனப்படுகிறது.

பிடித்திருக்கும் சுரங்களை மட்டும் நீட்டும் சோஸ்டெனூட்டோ பெடலை மார்சேய் நகரத்து புவாஸ்லோ நிறுவனம் 1844இல் காட்சிப்படுத்தியது. 1874இல் ஸ்டைன்வே நிறுவனம் காப்புரிமை பெற்ற பின்னரே அது பரவியது.

மின்னணுக் காலம்

1960களில் பரவிய ரோட்ஸ் மின்பியானோவில் உண்மையான டாம்பர்கள் இருந்தன. பெடலை மிதித்தால் ஒரு கம்பித்தண்டு அவற்றை விலக்கும். மின்னணுக் கீபோர்டில் தந்தியும் இல்லை, டாம்பரும் இல்லை. எனவே பெடலின் வேலை ஒரு செய்தியை அனுப்புவது மட்டுமே.

1983இல் வெளியான மிடி தரநிலை இச்செய்திக்கு 64 என்ற கட்டுப்பாட்டு எண்ணை ஒதுக்கியது. இதன் மதிப்பு 0 முதல் 127 வரை இருக்கலாம். சுவிட்ச் முறையில் 63 வரை பெடல் விடப்பட்டது என்றும், 64 முதல் மிதிக்கப்பட்டது என்றும் கொள்ளப்படும். சாதாரணப் பெடல் இரு முனைகளை மட்டுமே அனுப்பும். இதனால் அரைப்பெடல் மறைந்தது. பின்னர் வந்த டிஜிட்டல் பியானோக்கள் இடைப்பட்ட மதிப்புகளையும் படித்து அதை மீட்டெடுத்தன.

இன்னொரு வரம்பும் உண்டு. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியில் ஒரே நேரத்தில் 16 சுரங்களே ஒலிக்கும். பெடலை விடாமல் ஆறு சுரக் கோர்டுகள் மூன்றை வெவ்வேறு சுரங்களில் வாசித்தால் 18 ஆகிவிடும். அப்போது முன்னர் வாசித்த சுரங்களில் சில அறுபடும்.

தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான பெடல்கள் 6.35 மி.மீ. செருகியுடன் வருகின்றன. ஆனால் உள்ளிருக்கும் சுவிட்ச் இரு வகைப்படும். ஒன்றில் மிதிக்கும்போது மின்சுற்று மூடும், மற்றொன்றில் மிதிக்கும்போது திறக்கும். கீபோர்டுக்கு எதிரான வகையைச் செருகினால், காலை எடுக்கும்போது ஒலி நீளும், மிதிக்கும்போது நிற்கும். சில பெடல்களின் அடியில் இதை மாற்றச் சிறு பொத்தான் இருக்கும். பல கீபோர்டுகள் மின்சாரம் தரும் கணத்தில் பெடலின் நிலையைப் பார்த்து வகையை அறிந்துகொள்ளும். எனவே பெடலை முதலில் செருகி, காலை எடுத்துவிட்டு, அதன் பிறகே கீபோர்டை இயக்க வேண்டும். புதிய பெடல் பழுதானது எனக் கருதுமுன் இதைச் சோதிப்பது நல்லது.

அரைப்பெடல் வேண்டுமானால் பெடல், கீபோர்டு இரண்டும் அதை ஏற்க வேண்டும். கீபோர்டின் கையேட்டில் இது குறிக்கப்பட்டிருக்கும். சிறு சதுரப் பெடல் எளிதில் எடுத்துச் செல்ல ஏற்றது, ஆனால் தரையில் நழுவும். பியானோ பெடல் வடிவில் நீண்ட உலோகத் தகடு கொண்டதில் பழகினால், தேர்வு அரங்கில் உண்மையான பியானோ முன் அமரும்போது கால் தடுமாறாது.

பயன்படுத்தும் முறை

குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதத்தால் மிதிக்க வேண்டும். புதிய கோர்டு ஒலிக்கும் கணத்தில் பெடலை விட்டு, அது ஒலித்த உடனே மீண்டும் மிதிப்பது அடிப்படைப் பழக்கம். கட்டையும் பெடலும் ஒருசேர இறங்கினால் முந்தைய கோர்டின் எச்சம் ஒட்டிக்கொள்ளும்.

ஆர்மோனியத்திலிருந்து கீபோர்டுக்கு வருபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பியானோ ஒலி தானாகத் தேயும். ஆர்கன், வயலின் போன்ற ஒலிகள் பெடல் மிதிபட்டிருக்கும் வரை தேயாமல் நிற்கும். அவற்றில் பெடலை மிகக் குறைவாகவே பயன்படுத்த வேண்டும். முழங்காலை விலக்கியதும் ஒலி முற்றிலும் நின்றதை மோட்சார்ட் பாராட்டியதன் பொருள் இங்கேதான் நன்கு விளங்கும்.