அட்டையும் அங்குலமும்: காஞ்சிபுரத்துக் கைத்தொழில்களில் வடிவமைப்புக் கணக்கு

கணினியின் கட்டளைப்படி மரப்பலகையைச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தைப் பொழுதுபோக்காகக் கற்பவர்கள் இரண்டு வகைக் கோப்புகளோடு பழக வேண்டியிருக்கிறது. வெட்டும் முனை எங்கே செல்ல வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்லும் கட்டளை வரிசை ஒன்று. இதை ஜி-கோடு என்பர். ஓர் உறுப்பின் அளவு மற்றோர் உறுப்பின் அளவைச் சார்ந்து எப்படி மாறும் என்னும் உறவுகளைக் கொண்ட வரைபடம் மற்றொன்று. இந்த இரண்டாவது முறையே அளவுரு வடிவமைப்பு, அதாவது பாராமெட்ரிக் டிசைன் எனப்படுகிறது. இரண்டுக்கும் அடிப்படையான எண்ணம் கணினியைவிடப் பழையது. முதலாவதைக் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியிலும், இரண்டாவதைக் கோயில் திருமேனிகளைச் செய்யும் சிற்பிகளின் கணக்கிலும் காணலாம்.

தறியில் ஏறிய அட்டை

காஞ்சிபுரத்தின் பழைய நெசவில் சேலைக் கரையின் மயிலும் அன்னமும் தறியிலேயே நூல் கட்டுகளாக இருந்தன. இம்முறைக்கு ‘அடை’ என்று பெயர். எந்த ஊடைக்கு எந்தப் பாவு இழைகள் உயர வேண்டும் என்பதை அந்தக் கட்டுகளே காத்தன. உதவியாள் ஒருவர் அவற்றை முறைப்படி இழுத்துக் கொடுக்க, நெசவாளர் நாடாவை ஓட்டினார்.

20ஆம் நூற்றாண்டில் இந்த இடத்தை ஜக்கார்டு பெட்டி பிடித்தது. பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804 அளவில் உருவாக்கிய இக்கருவி முழுவதும் அவருடைய சொந்தக் கற்பனை அன்று. 1725இல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்தியிருந்தார். பால்கோன், வோகான்சோன் ஆகியோர் அதை மேம்படுத்தினர்.

பெட்டி வேலை செய்யும் விதம் எளிது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் ஊசி அதனுள் நுழைகிறது. அதனோடு சேர்ந்த கொக்கி மேலே தூக்கப்பட்டு இழை உயர்கிறது. துளை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு, இழை கீழேயே கிடக்கிறது. அட்டைகளை வரிசையாகக் கோத்துச் சங்கிலி போல் தொங்கவிடுகிறார்கள். அட்டை அடிப்பதற்கு முன் வடிவத்தைக் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். 240 கொக்கிகள் கொண்ட பெட்டியில் 300 ஊடை உயரமுள்ள ஒரு வடிவம் என்றால் 72,000 கட்டங்களுக்குத் துளை உண்டா இல்லையா என்று முடிவு செய்தாக வேண்டும். இது கண்ணைக் கெடுக்கும் வேலை.

வடிவம் அட்டைக்கு மாறியதும் அது தறியைவிட்டுப் பிரிந்தது. அதே அட்டைக் கட்டை வேறொரு தறியில் ஏற்றலாம். இழுத்துக் கொடுக்கும் ஆள் தேவைப்படவில்லை. (உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் இணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மட்டும் உதவியாள் இன்றும் வேண்டும்.) ஆனால் நெசவாளரின் பங்கும் மாறியது. அட்டைக் கட்டு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே வடிவம் இருந்தது. கூலிக்கு நெய்பவர் கையில் மிஞ்சியது நெய்யும் திறமை.

உலோகத்தையும் மரத்தையும் செதுக்கும் இயந்திரங்களுக்கும் பின்னர் இதே வழி வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1952இல் காட்டப்பட்ட எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரம் துளையிட்ட காகித நாடாவைப் படித்தே வெட்டியது.

அட்டையால் முடியாதது

அட்டைக்கு வடிவம் தெரியாது. துளைகள் மட்டுமே தெரியும். மயிலைச் சற்றுப் பெரிதாக்க வேண்டுமானால் கிராப் தாளை மீண்டும் நிரப்பி எல்லா அட்டைகளையும் புதிதாக அடிக்க வேண்டும். ஊடையை நெருக்கமாக அடித்தால் அதே அட்டையில் மயில் குள்ளமாகிவிடும். கழுத்துக்கும் தோகைக்கும் என்ன விகிதம் என்பது அட்டையில் எங்கும் எழுதப்படவில்லை.

சிற்பியின் தாளமானக் கணக்கில் எழுதப்பட்டிருப்பது அந்த விகிதமே. 8 யவம் ஓர் அங்குலம், 12 அங்குலம் ஒரு தாளம். இந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. செய்யப்போகும் திருமேனியின் உயரத்தைப் பகுத்துப் பெறுவது. அதனால் அதைத் தேகலப்தாங்குலம் என்பர். நவதாள உருவத்துக்கு மொத்த உயரம் 108 அங்குலம்: முகம் 12, தொடை 24, கழுத்தும் முழங்காலும் 3 வீதம். 54 சென்டிமீட்டர் மரத்தடி கிடைத்தால் அங்குலம் 5 மில்லிமீட்டர். முகம் 6 சென்டிமீட்டர், தொடை 12 சென்டிமீட்டர். தடி இருமடங்கு உயரமானால் ஒரே ஓர் எண் மாறுகிறது, மற்றவை தாமே மாறுகின்றன. சுவாமிமலை வார்ப்புச் சிற்பிகள் இதற்குத் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி மடித்துக்கொள்கிறார்கள். அதன் பெயர் ஒடியோலை. இதைவிட மலிவான வடிவமைப்புக் கருவி இருக்க முடியாது.

நீண்ட காலம் குடும்பங்களுக்குள் கைமாறி வந்த இக்கணக்கு, 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரியின் வழியே வகுப்பறைக்கு வந்தது. கல், உலோகம், சுதையோடு மரச்சிற்பமும் அங்கே பாடமானது.

மென்பொருளும் பலகையும்

கணினித் திரையில் உறவுகளை வைத்து வரையும் முயற்சியை 1963இல் ஐவன் சதர்லாண்ட் தம் ஸ்கெட்ச்பேட் ஆய்வில் காட்டினார். 1988இல் வெளிவந்த புரோ/என்ஜினியர் அதைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசென்றது. இன்று ஃப்ரீகேட் போன்ற கட்டற்ற மென்பொருளில் விலையின்றிக் கற்கலாம். நெசவிலும் கணினி வந்திருக்கிறது. டிஜிபுனாய் என்னும் திறமூல மென்பொருள் கிராப் தாள் வேலையைத் திரைக்கு மாற்றுகிறது. ஆனால் இறுதியில் பெட்டிக்குப் போவது பழைய துளைக் கணக்கே.

ஃப்ரீகேட்டின் விரிதாளில் ‘உயரம்’ என்று ஓர் எண்ணும், அதை 108ஆல் வகுத்த ‘அங்குலம்’ என்று மற்றோர் எண்ணும் எழுதி, முகத்தையும் தொடையையும் அவற்றோடு கட்டிவிட்டால் தாளமானம் திரையில் இயங்கத் தொடங்கும். கற்பவர் தடுமாறுவது அடுத்த படியில். எல்லா அளவும் உயரத்தைச் சார்ந்தவை அல்ல. 6 மில்லிமீட்டர் முனையால் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆரமுள்ள உள்மூலையை வெட்ட முடியாது; பொம்மையைப் பாதியாகச் சுருக்கினாலும் முனை சுருங்காது. இணைப்புத் துளையின் அகலம் பலகையின் கனத்தைச் சார்ந்தது. 18 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் ஒட்டுப்பலகை அளந்து பார்த்தால் பெரும்பாலும் அதற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கனத்தைத் தனி அளவுருவாக வைத்தவர், பலகையை வாங்கி வந்து வெர்னியர் அளவியால் அளந்தபின் அந்த ஓர் எண்ணை மட்டும் திருத்துகிறார். வைக்காதவர் ஒவ்வொரு துளையையும் மீண்டும் வரைகிறார், கிராப் தாளை மறுபடி நிரப்பியவரைப் போல. சிற்பி தடி கைக்கு வந்தபிறகே அங்குலத்தைக் கணக்கிடுகிறார்.