மலை வீட்டுக்கு என்ன விலை?

கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டுக்கு மூன்று விலை உண்டு. பத்திரத்தில் எழுதும் விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதும் விலை, கைக்குக் கை மாறும் விலை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரே பொருளுக்கு மூன்று எண் வந்தால் உள்ளே போய் நோண்டாமல் தூக்கம் வராது. அப்படி நோண்டப் போய்த்தான் கல்வராயன் மலையில் வந்து நின்றேன்.

‘சந்தை மதிப்பு’ என்றால் என்ன என்பதற்கு நம் நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு ஒன்று 1939இல் பிரிவி கவுன்சில் சொன்னது. வழக்கு நம் பழைய சென்னை மாகாணத்தது. விசாகப்பட்டினம் துறைமுகத்தை ஒட்டி ராஜா நாராயண கஜபதிராஜுவின் நிலத்தை அரசு எடுத்தது. அதில் நல்ல நீரூற்று இருந்தது. அந்தத் தண்ணீரை வாங்கத் துறைமுகத்தை விட்டால் ஆளில்லை என்றால், அதற்கு ஏது விலை? விற்க மனமுள்ளவரும் வாங்க மனமுள்ளவரும் கட்டாயம் இல்லாமல் பேசினால் எது படியுமோ அதுதான் விலை என்றது கவுன்சில். நிலத்தை எடுக்கும் அரசு ஒன்றுதான் வாங்கும் ஆள் என்றாலும், அந்த நிலத்தால் ஆகக்கூடிய பயனைக் கணக்கில் சேர்க்கணும் என்றும் சொன்னது.

ஊருக்குள் இந்த இரண்டு மனிதர்களும் கிடைத்துவிடுகிறார்கள். ஆனால் பத்திரத்தில் உண்மையை எழுத மாட்டார்கள். அதற்காகத்தான் 1967இல் தமிழ்நாடு, முத்திரைச் சட்டத்தில் 47ஏ பிரிவைச் சேர்த்தது. வழிகாட்டி மதிப்பு அந்த வழியாக வந்தது. 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், கட்டணத்தை 2 ஆக்கினார்கள். இரண்டு முறையும் எந்த வீட்டிலும் ஒரு செங்கல்கூட அசையவில்லை! 2003இல் டான்சி நில வழக்கில் உச்ச நீதிமன்றமும் வழிகாட்டி மதிப்பும் சந்தை மதிப்பும் ஒன்றல்ல என்றுதான் சொன்னது.

இனி மலை. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். சமவெளியில் மன்றோ காலத்து ரயத்துவாரியில் சர்வே எண்ணும் பட்டாவும் வேரூன்றி, பேரன் காலத்துக்கும் பிறகுதான் மலையில் ஜாகீர் ஒழிந்தது. 1976 ஜூன் 25இல். இந்தியா விடுதலை பெற்று ஏறக்குறைய 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. வில்லங்கச் சான்றுக்கு முப்பது வருஷக் கணக்குக் கேட்கும் வங்கிக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது?

வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெரியவரிடம், “உங்க வூடு எவ்ளோ போகும்ங்கய்யா?” என்று கேட்டேன். “போறதுக்கு அது என்னா மாடா தம்பி?” என்றார்.

மதிப்பீட்டாளர் வீட்டை எடைபோடும் முறை எளிமையானது. மனை விலை தனி. கட்டடத்துக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டு, வயசுக்குத் தக்கபடி தேய்மானம் கழிப்பார்கள். மண்சுவர் வீட்டில் கழித்த பிறகு பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மனைதான் காப்பாற்றணும். அந்த மனை 2006 வன உரிமைச் சட்டப்படி கிடைத்ததாக இருந்தால், பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. விற்பவர் இல்லை, வாங்குபவர் இல்லை. 1939 இலக்கணப்படி விலையே இல்லை. அடமானமும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் வட்டிக்காரர்தான்.

விற்கும் உரிமையைக் கொடுத்துவிட்டால் என்ன என்று நண்பன் ஒருவன் கேட்டான். நான் ஒப்பவில்லை. கீழே இருக்கும் பணத்துக்கு முன்னால் மலையாளி ஒருவர் ‘கட்டாயம் இல்லாமல்’ பேரம் பேசுவார் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வீட்டை அடகு வைக்கத் தேவையில்லாத நிலையைக் கேட்பதுதான் சரி.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த வீட்டு மனைக்கு விலை முளைக்கிறது. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், வன உரிமை பெற்றவரையும் ‘நில உரிமையாளர்’ என்று ஏற்கிறது. அரசு நிலத்தை எடுத்தால் சந்தை மதிப்பும், அதே அளவு ஆறுதல் தொகையும் தரவேண்டும். விற்பனைக்குச் சட்டத் தடை உள்ள பகுதியென்றால் விலைக்கு எங்கே போவது? பக்கத்துப் பகுதியில் அதே மாதிரி நிலம் என்ன விலைக்குப் போகிறதோ, அதைப் பார்த்து மாநில அரசு ஒரு குறைந்தபட்ச விலை குறிக்கவேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. கல்வராயனுக்குப் பக்கம் என்றால் மலையடிவாரம். அங்கே பத்திரத்தில் எழுதுகிற விலை எப்படிப்பட்டது என்பதை மேலேயே பார்த்தோம்.