இளநிலை மாணவர் கணித ஆய்வு முகாம்கள்

இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவர்கள் கோடை விடுமுறையில் ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கி, இதுவரை தீர்வு காணப்படாத கணிதக் கேள்விகளை ஆராயும் அமெரிக்க முகாம்கள். இவற்றை ஆங்கிலத்தில் சுருக்கமாக ஆர்இயு (REU) என்பார்கள். பரீட்சை கிடையாது, உதவித்தொகை உண்டு. இளநிலை மாணவர்களுக்கென 1938 முதல் நடக்கும் பட்நம் கணிதப் போட்டியில் 6 மணி நேரத்தில் 12 கணக்குகள் போட வேண்டும். அவற்றுக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. முகாமிலோ கேள்வியைக் கொடுக்கும் பேராசிரியருக்கே விடை தெரியாது.

1950களின் இறுதியிலேயே அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை மாணவர் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியது. ஆய்வுக்கூடம் உள்ள துறைகளில் மாணவருக்கு வேலை கொடுப்பது எளிது. ஆனால் கணிதத்தில் ஆய்வின் எல்லையைத் தொடவே பல ஆண்டுப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்த நிதியும் நின்றது. 1987இல் ஆர்இயு என்ற பெயரில் திரும்ப வந்தது.

கணித ஆய்வுக்குப் பல ஆண்டுப் படிப்பு வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்ததில் பேராசிரியர் ஜோசப் கேலியனுக்குப் பெரும் பங்கு உண்டு. சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள டுலூத்தில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1977இல் முகாமைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். ஆளுக்கொரு கேள்வி கொடுப்பார். அதிக முன்படிப்பு இல்லாமலே புரிய வேண்டும், ஆனால் விடை ஆய்விதழில் வெளியிடத் தக்கதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கேள்விகளைத் தேடிப் பிடிப்பதுதான் முகாமின் உயிர்நாடி; பாடம் நடத்துவதைவிடக் கடினமான வேலை அது. முந்தைய ஆண்டு மாணவர்கள் வழிகாட்டிகளாகத் திரும்பி வருவது அங்கே வழக்கம்.

1995இல் ஹார்வர்டிலிருந்து டுலூத் சென்ற மாணவர் மஞ்சுள் பார்கவா எடுத்துக்கொண்டது தொடர்பெருக்கம் (3! என்றால் 1×2×3). எந்த நான்கு முழு எண்களை எடுத்தாலும், இரண்டிரண்டாகக் கழித்து வரும் ஆறு வித்தியாசங்களின் பெருக்கற்பலன் 12ஆல் வகுபடும். 12 என்பது 0!, 1!, 2!, 3! ஆகியவற்றின் பெருக்கற்பலன். வர்க்க எண்களை மட்டும் எடுத்தால் அந்த வகுஎண் 4320 ஆகிவிடுகிறது. 0, 1, 4, 9 என்ற நான்கின் ஆறு வித்தியாசங்களையும் பெருக்கிப் பார்த்தால் சரியாக 4320 வரும். இப்படி ஒவ்வொரு எண் கணத்துக்கும் அதற்கே உரிய தொடர்பெருக்கம் உண்டு என்று பார்கவா நிறுவினார். அவருக்கு 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

இளநிலை மாணவர் ஆய்வுக்கான மார்கன் பரிசு 1995இல் ஏற்பட்டது. அதை முதலில் பெற்றவர் சென்னையில் வளர்ந்த, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் கண்ணன் சௌந்தரராஜன். அடுத்த ஆண்டு பார்கவா. சௌந்தரராஜன் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்ரமணியனுடன் சேர்ந்து, கணிதவியலாளர் கிரஹாம் முன்வைத்த எண்கணித அனுமானம் ஒன்றை நிறுவியவர்.

தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயு நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. இந்திய மாணவர்களுக்கு கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்டிடிஎஸ் என்ற கணிதக் கோடைப் பயிற்சி இருக்கிறது. தேசிய உயர் கணித வாரியத்தின் ஆதரவோடு வளர்ந்த இது ஆய்வு முகாம் அன்று. வரையறையை எழுதிப் போடாமல், கேள்வி மேல் கேள்வி கேட்டு மாணவர் வாயாலேயே அதை வரவழைப்பது இதன் முறை. ஆய்வையே நாடுபவர்கள், நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து வழங்கும் இரண்டு மாதக் கோடை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.