போர்க்கியின் வீடு

குற்றக் கதை என்றதும் கொன்றவன் யார் என்றுதான் நாம் முதலில் கேட்போம். நான் இன்று பேசப்போகும் 'டோப்ஃபீண்ட்' நாவலின் கேள்வி வேறு: யாருடைய அழிவில் யார் பிழைக்கிறார்கள்?

1971இல் வெளிவந்த இந்த நாவலை எழுதியவர் டொனால்ட் கோயின்ஸ். 1936இல் டெட்ராயிட் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். தந்தை ட்ரை கிளீனிங் கடை வைத்திருந்தார். வீட்டில் வறுமை இல்லை. 15 வயதில், வயதைக் கூட்டிச் சொல்லி அமெரிக்க விமானப்படையில் சேர்ந்தார். அது கொரியப் போர்க் காலம். ஊர் திரும்பியபோது ஹெரோயின் பழக்கமும் அவரோடு வந்தது. பிறகு திருட்டு, சிறை. ஜாக்சன் சிறையில் ஐஸ்பெர்க் ஸ்லிம்மின் நூலைப் படித்த பிறகே தான் அறிந்த தெருவைப் பற்றி எழுதத் தொடங்கினார்.

நாவலில் டெர்ரி ஒழுங்கான குடும்பத்துப் பெண். வேலைக்குப் போகிறவள். காதலன் டெடிதான் அவளைப் போர்க்கியின் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். ஊசி போட்டுக்கொள்ள இடமும் மருந்தும் தருபவன் போர்க்கி. அவன் அவசரப்படுவதில்லை. அவள் தானாகத் தேடி வரும் நாளுக்காகக் காத்திருக்கிறான். கையில் காசு தீர்ந்தவர்களிடம் மானத்தை விலையாகக் கேட்கிறான்.

இதைத் தூரத்தில் நின்று பார்த்தவரால் எழுதியிருக்க முடியாது. கோயின்ஸ் அத்தகைய வீடுகளின் வாடிக்கையாளர். ஐந்து ஆண்டுகளுக்குள் 16 நாவல்கள் எழுதினார். ஹெரோயினை மட்டும் விட முடியவில்லை. உண்மையை எழுதிவிட்டால் விடுதலை கிடைத்துவிடும் என்று இலக்கியக்காரர்களாகிய நாம் நம்புகிறோம். அவர் வாழ்க்கை அதை மறுக்கிறது. 1974 ஒக்டோபரில் டெட்ராயிட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில், தம் வீட்டிலேயே துணைவியுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் யார் என்பது துலங்கவே இல்லை.

நான் வாழும் ரொறன்ரோவிலிருந்து டெட்ராயிட் நான்கு மணி நேரக் கார்ப் பயணம்தான். ஆனாலும் அந்தக் கதை நமக்குச் சம்பந்தமில்லாதது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பொடியனின் செத்தவீட்டுக்குப் போனேன். மாரடைப்பு என்றார்கள். அங்கே நின்ற எல்லோருக்கும் காரணம் தெரியும். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தத் தாயின் துக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் 'மாரடைப்பு' என்று சொல்லும்போது போர்க்கியின் பெயரும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது. கோயின்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவனை மறைக்கவும் இல்லை.